மேற்குச் சுவரில் சிமென்ட்

லாங்ஃபோர்ட், டாஸ்மேனியா
4 ஏப்ரல் 1996

அன்புள்ள வாரன்,

நீ பிரிந்துபோன இந்த இரண்டு வருடத்தில் இது என் முதல் கடிதம். பர்னியின் கடற்காற்று உன் மூட்டுவலிக்கு ஒத்துக்கொள்கிறதா?

நம் மேற்குச் சுவர் உதிர்கிறது. என் முப்பாட்டனார், கப்பலில் நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகளைக்கொண்டு மண் பிசைந்து, செங்கல் சூளை வைத்துக் கட்டிய மாளிகை. நூற்றைம்பது வருடம் அசையாமல் நின்றது. ஜூனுக்குள் சரிசெய்யாவிட்டால் அந்தப் பக்கத்தை இடிக்கச் சொல்லிக் கவுன்சில் எழுதிவிட்டது. கொத்தனார் லெஸ் வந்து பார்த்தார். "சிமென்ட்தாம்மா. செவுரு குடிச்ச ஈரம் வெளிய வர வழியில்ல, கல்லைத் தின்னுது" என்றவர், என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

செங்கல் இடுக்குகளில் பழைய சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு ஐந்து கோடைகாலம் நீ சிமென்ட் அடைத்தாயே, எவ்வளவு ஆழம்? தெரியாமல் உளி வைத்தால் சுவர் சரிந்துவிடுமாம்.

அன்புடன்,
நரெல்

பர்னி
11 ஏப்ரல்

நரெல்,

நலம் விசாரித்துவிட்டுக் குற்றப்பத்திரிகை வாசிக்கிறாய். சாரத்தில் நின்று முதுகு ஒடிந்தவன் நான். உன் அப்பா கீழே நின்று, "மாப்ளே, இன்னும் கெட்டியா வைங்க. நீங்க செஞ்சதுல இதாவது நிக்கட்டும்" என்று சிரித்தார். அந்த வீட்டில் என்னுடையது என்று இருந்தது அந்தச் சுவர் ஒன்றுதான்.

அப்போதே யாராவது சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்கமாட்டேனா?

வாரன்

லாங்ஃபோர்ட்
20 ஏப்ரல்

வாரன்,

சொன்னார்கள். என்னிடம்.

முதல் கோடையிலேயே லெஸ் வேலியோரம் வண்டியை நிறுத்தி, "வீட்டுக்காரரைத் தடுத்து நிறுத்தும்மா, செவுரு செத்துரும்" என்றார். உன்னிடம் சொல்லத்தான் வந்தேன். நீ சாரத்தின்மேல் சீட்டியடித்துக்கொண்டிருந்தாய். அதுவரை நீ சீட்டியடித்து நான் கேட்டதே இல்லை. செங்கல்தானே, தாங்கும் என்று திரும்பிவிட்டேன். அதன்பிறகு ஒவ்வொரு கோடையிலும் சொல்வது இன்னும் கடினமாகிக்கொண்டே போனது.

குளிர்காலம் வருமுன்பே உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது. தினமும் காலையில் சுவரடியில் ஒரு வாளி செங்கல் தூள் அள்ளுகிறேன். என்னைத் திட்டி எழுது. ஆழத்தையும் எழுது.

நரெல்

பர்னி
2 மே

நரெல்,

நாலு அங்குலம். ஜன்னல்களுக்கு மேலே மட்டும் இரண்டு. இயந்திரம் கூடாது, உளியும் மரச் சுத்தியலும் போதும்.

மாடிப்படி ஜன்னலுக்குக் கீழே மூன்றாவது வரிசையில், எவனோ ஒரு கைதியின் கட்டைவிரல் பதிந்த கல் இருக்கிறதே. நாம் குடிவந்த அன்று உன் விரலை அதில் பொருத்திக் காட்டினாய். அதைச் சுற்றி மட்டும் நான் சுண்ணாம்பைத் தொடவில்லை. கை வரவில்லை. அந்த இடம் உறுதியாக இருக்கும், அங்கிருந்து தொடங்கச் சொல்.

ஐந்து வருடம் அந்தச் சீட்டியை நீ எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாய் என்றுதான் பத்து நாளாக யோசிக்கிறேன்.

இத்தனை நாளும் என்னிடமே இருந்த பின்கதவுச் சாவியை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். லெஸ்ஸிடம் கொடு. வேலைக்கு வந்துபோக அவருக்குத் தேவைப்படும்.

வாரன்