டி டிரைவில் இருந்த அறுநூறு ஜாதகம்

வாலாம்பா,

முதலில் உட்கார். அப்புறம் படி.

லேப்டாப்பைத் தேடாதே, நான்தான் எடுத்துக்கொண்டு போகிறேன். நாலு ஜிபி மெஷினில் புது விண்டோஸ் ஏறாது என்று, நீ கோவிலுக்குப் போன நேரத்தில் லேசான லினக்ஸ் ஒன்றைப் போட்டேன். "ஏன்னா, என் ஜாதகமெல்லாம் அதிலதான் இருக்கு, கை வைக்காதேங்கோ" என்று நேற்றே சண்டை போட்டாய். ஃபார்மட் பண்ணினால் சி டிரைவ்தான் போகும், டி அப்படியே இருக்கும் என்று முப்பது வருஷ ஆபீஸ் ஞானத்தில் நான் அடித்துச் சொன்னேன்.

டியும் போய்விட்டது. மொத்த டிஸ்க்கையும் அழிக்கட்டுமா என்று அது கேட்டது, நான்தான் ஆமாம் என்று அமுக்கினேன். ஊரெல்லாம் உன்னை நம்பிக் கொடுத்த அறுநூறு வரன்! இப்போது இருபது வினாடியில் பளிச்சென்று திறக்கிறது. உள்ளே ஒன்றுமே இல்லை.

மாஹிமில் ஒரு கடைக்காரன் அழிந்ததை மீட்டுத் தருவானாம். அங்கேதான் போகிறேன். பதினொரு மணிக்குச் சான்பாடா மாமி தன் பெண்ணுக்கு வரன் கேட்டு வருவாள். காபி கொடுத்துப் பேசிக்கொண்டிரு. ரிப்பேர் என்று மட்டும் சொல். மொளகூட்டல் அடுப்பில் இருக்கிறது, சாதம் வைத்துக்கொள்.

— மாதவன்

பி.கு: நம் பெண் அம்முவின் ஜாதகமும், அவள் கட்டிக்கொள்கிறேன் என்கிற அந்தப் பையனுடையதும் அதில்தான் இருந்தன. பொருந்தவில்லை என்று இரண்டு மாதமாக அவளோடு நீ பேசவில்லை. மற்றதையெல்லாம் எப்படியாவது மீட்டுக் கொடு, அந்த இரண்டை மட்டும் தேடாதே என்று கடைக்காரனிடம் சொல்லப்போகிறேன்.