வாசலில் இருந்து மலை தெரிகிறதா

கவிநிலா அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். உங்கள் முழங்கால் வலி கம்மியானதா? கவிநிலா காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்குப் போகிறாளா? போனில் சொன்னால் பாதியிலேயே சத்தம் போடுவீர்கள் என்றுதான் இதை மெசேஜாக எழுதி அனுப்புகிறேன்.

திருவண்ணாமலைக்கு வருகிறவர்களுக்கு வழி சொல்லும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நான் இருக்கிறேன் அல்லவா? எந்த பஸ், எங்கே அன்னதானம் என்று யார் கேட்டாலும் பஹ்ரைனிலிருந்து முதல் பதில் என்னுடையதுதான். போன வாரம் ஓசூரிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "எங்க அம்மாவால கூட்டத்துல நிக்க முடியாதுங்க. தீபம் ஏத்தறத எங்கிருந்து பார்க்கலாம்?"

நான் யோசிக்கவே இல்லை. "வேங்கிக்கால்ல எங்க வீட்டு மாடிக்கே வாங்க, காசெல்லாம் வேணாம்" என்று போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான், அம்மா சக்கர நாற்காலியில் வருவார் என்று அவள் எழுதினாள்.

நம் மாடிப்படி ஏற உங்களுக்கே சிரமம். வாசலில் உட்கார்ந்தால் மலை உச்சி தெரியுமா? எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைக்குமா? ஒன்பது வருஷம் அந்த வாசலில் கோலம் போட்டிருக்கிறேன், நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. இரண்டு நாளாக வேலையில் மனம் நிற்கவில்லை. தீபத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

இன்றைக்கே வாசலில் நாற்காலி போட்டு, உட்கார்ந்தபடியே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். டூட்டி வண்டி ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன்.

படத்தில் கவிநிலாவும் நிற்கட்டும். அவள் மலையை மறைத்தாலும் பரவாயில்லை.

சிந்துஜா