கையைத் துடைத்த குழந்தை

பாப்பா அம்மாவுக்கு,

பாப்பாவின் இருமல் நின்றதா? அப்பாவின் முட்டிவலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நேற்று நான் பராமரிக்கும் லிஃப்ட் பாதியில் நின்று, நம் பாப்பா வயதுப் பெண் உள்ளே மாட்டிக்கொண்டாள். கதவை நெம்பித் திறந்து, கிரீஸ் படக்கூடாதென்று கையுறையைக் கழற்றிவிட்டுத் தூக்கினேன். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் அம்மா வெடுக்கென்று பிடுங்கி, பிள்ளையின் கையைத் துடைத்தாள்.

"இந்தக் கறுப்பனுங்களைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

வேலை தெரிந்தால் போதும் என்றிருந்தேன், மடையன்.

இன்று என்னைக் கண்டதும் அந்தக் குழந்தை, யாரும் சொல்லாமலே, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டது.

அவள் படிக்கும் பள்ளியில்தான் நம் பாப்பாவுக்கு இடம் வாங்கியிருக்கிறேன். வேண்டாம். நீங்கள் இருவரும் இங்கே வர எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிடு. யாராவது கேட்டால் வீடு கிடைக்கவில்லை என்று சொல்.

பாப்பாவின் உள்ளங்கையைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் வீட்டுக்காரன்