உங்கள் கல்வெட்டில் நான் போட்ட ஓட்டை

அன்புள்ள அப்பாவுக்கு, என் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டவருக்கு,

உங்கள் கடைசிக் கடிதம் ஏழு வாரம் என் பிரெஞ்சு அகராதிக்குள் கிடந்தது. சொல் தேடும்போதெல்லாம் கையில் தட்டுப்பட்டது. நான் பதில் எழுதவில்லை. இருபத்தாறு வருடம் தபாலதிபராக இருந்த உங்களுக்கு, வராத கடிதத்தின் பொருள் தெரியாமலா இருந்திருக்கும்?

இப்போது எழுதுகிறேன். பாரிசின் லா சப்பலில் நம்மவர் சிலர் சேர்ந்து நடத்தும் சிறு சஞ்சிகையில் இது வரும். இங்கே இருக்கும் உங்கள் தம்பி, என் சித்தப்பாவும் வாசிப்பார். வாசிக்கட்டும். எனக்குச் செய்ததை அவர் நாலு பேர் பார்க்கத்தான் செய்தார்.

நீங்கள் எழுதியது நான்கே வரி. "படித்தது காணும், போதும். கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் படிக்கவா பாரிசுக்குப் போனாய்? தம்பி ஒரு நல்ல இடம் பார்த்திருக்கிறான், அவருக்கு அங்கே தங்கப் பத்து வருடக் கார்ட் இருக்கிறது. ஓம் என்று எழுது." நான் சுகமா என்று நீங்கள் கேட்கவில்லை. இடமில்லை என்று சொல்ல முடியாது, தாளில் பாதி வெறுமையாக இருந்தது.

ஓம் அப்பா, கிணற்றுத் தண்ணீர்தான். நீங்கள் நம் வளவுக் கிணற்றுக்கு மோட்டர் பூட்டிய பிறகு சவர்க்காரம் நுரைக்கவில்லை என்று அம்மா முறையிட்டாரே, நீங்கள் சவர்க்காரத்தை மாற்றச் சொன்னீர்களே, அதைப் பற்றித்தான். நம் சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கூடுதலாக இறைத்தால் உப்பு மேலே வரும். இதை நான் சொன்னபோது என் பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நீங்கள் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

சென் தெனிப் பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்தை முடித்தேன். அப்போது என் அகதி மனு விசாரணையில் இருந்தது, கையில் ஒரு தற்காலிகத் தாளாவது இருந்தது. பிறகு மனு தோற்றது, மேல்முறையீடும் தோற்றது. நாட்டைவிட்டுப் போ என்ற கடிதமும், மேற்படிப்புக்கு இடம் உண்டு என்ற கடிதமும் ஒரே கிழமையில் வந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் இரண்டாவதை மட்டும் வாங்கினாள். "ஐப்பசி முடிவுக்குள் காசைக் கட்டு. கார்ட்டைப் பிறகு காட்டு. காசும் இல்லாவிட்டால் இந்த வரிசையில் நிற்காதே" என்றாள். அந்த வருடம் எனக்கு யாரும் சொன்னவற்றில் மிக நல்ல வார்த்தை அதுதான்.

நான் ஒரு பல்வைத்தியர் வீட்டில் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். வகுப்புக்குப் போனால் அந்த வேலை பாதியாகும். பதிவுக்கும் காசு வேண்டும், ஒரு வருட அறை வாடகையில் என் பங்குக்கும் வேண்டும். அதற்காக நான் செய்த வேலையை உங்களுக்கு எழுதாமல் மறைத்தேன். கல்வெட்டு எழுதினேன்.

உங்களுக்குத் தெரிந்ததை, இதை வாசிக்கும் புதுச்சேரிக்காரருக்காகச் சொல்கிறேன். எங்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு, சாப்பிட வந்தவர்களுக்குக் கொடுப்போம். அதில் இறந்தவரின் படம், வரலாறு, பாட்டு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், கடைசியில் குடும்பத்தவர் பெயர் எல்லாம் இருக்கும். அதுதான் கல்வெட்டு. ஊரில் சாவு விழுந்தால், கார்ட் இல்லாமல் இங்கே அகப்பட்டிருக்கும் பிள்ளைகளால் போக முடியாது. முப்பத்தோராம் நாளை இங்கேயே செய்வார்கள். தமிழ் அச்சகத்துக்கு எங்கே போவது? என் கையெழுத்து நல்லது. நான் எழுதுவேன், கடையில் பிரதி எடுத்துத் தைப்பார்கள்.

நகர நடுவில் ஒரு பெரிய பொது நூலகம் இருக்கிறது. வாசலில் யாரும் கார்ட் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே இருந்து, பார்த்தறியாத அப்பாமாருக்காக அழுதேன். உணவகக் குசினிகளில் இருந்து வரும் ஆண்கள் தேநீரைக் கிளறியபடி விபரம் சொல்வார்கள். ஒருவர் சொன்னது மறக்காது. "தங்கச்சி, ஐயா ஆருக்கும் ஒரு சதம் குடுத்த மனிசனில்லை. ஆனா வள்ளல் எண்டு போடும். ஊர் சிரிச்சாலும் பறவாயில்லை, போடும்."

போட்டேன். எல்லோரையும் வள்ளலாக்கினேன். புரட்டாதியில் கணக்குப் பார்த்தபோது, என் மேற்படிப்புக்கு இன்னும் நாலு பேர் சாக வேண்டியிருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்ததாக நீங்கள் போனீர்கள். சொந்த அப்பாவுக்கு எழுதக் காசு கேட்க முடியுமா?

ஊரடங்கு நேரத்தில் நெஞ்சு நோவு என்றும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் கிடைக்கவில்லை என்றும், கொழும்பில் இருந்து யாரோ சித்தப்பாவின் உணவகத்துக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். சித்தப்பா என் அறைக்கு வந்து சொன்னார். அழுதோம். அவர் உங்களுக்காக அழுதது உண்மை. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கண்ணைத் துடைத்துவிட்டு அவர் சொன்ன அடுத்த வசனமும் உண்மை.

"பிள்ளை, அண்ணைக்கு நீதான் கல்வெட்டு எழுத வேணும். மருமகன் புலம்பலும் ஒண்டு வை."

"எந்த மருமகன், சித்தப்பா?"

"வாறவருக்குத்தான். இப்பவே எழுதி வைச்சால் என்ன குறைஞ்சு போகும்?"

துக்கத்தில் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன். உங்கள் கல்வெட்டில் பாட்டே வைக்கவில்லை. ஊரடங்கிலும் தபால் பையை நீங்கள் சைக்கிளில் கொண்டுவந்ததை எழுதினேன். யாருடைய கடிதத்தையும் நீங்கள் பிரித்துப் பார்த்ததில்லை என்று எழுதினேன். என் சவர்க்காரக் கதையை எழுதவில்லை. கடைசிப் பக்கத்தில் குடும்பத்தவர்: மனைவி, மகள், தம்பி. மூன்று பெயர். நான் வேலைக்குப் போகவேண்டியிருந்தபடியால், பிரதி எடுக்கும்படி தாள்களைச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். அதுதான் நான் விட்ட பிழை.

முப்பத்தோராம் நாள் ஒரு ஞாயிறு. லா சப்பலில் சாப்பாட்டுக்கடை ஒன்றின் மேல்மாடியை எடுத்திருந்தார்கள். காலையில் நானும் என் அறைத்தோழி ராஜியும் போனபோது உங்கள் படத்துக்கு மாலை போட்டிருந்தது. மேசையில் கல்வெட்டுகள் கட்டாக இருந்தன. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பது என் பழக்கம், ஒன்றை எடுத்துப் புரட்டினேன்.

கடைசிப் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே, என் எழுத்துக்கு நடுவில், சித்தப்பாவின் சரிந்த எழுத்தில் ஒரு வரி இருந்தது. மருமகன் என்று போட்டு, நீங்கள் எழுதிய அந்தப் பத்து வருடக் கார்ட்காரர், பாரிசுக்கு அருகே பொபினியில் இருப்பவரின் பெயர். அந்தப் பெயரை இங்கேயும் எழுதமாட்டேன்.

குசினியில் பருப்புக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் போனேன்.

"இது என்ன?"

"அண்ணையின்ரை விருப்பம். நீ பதில் போடேல்லை. ஆரோ ஒராள் போடத்தானே வேணும்."

"நான் இன்னும் கலியாணம் கட்டேல்லை, சித்தப்பா."

"கல்வெட்டிலை வந்தால் கட்டின மாதிரித்தான். கொம்மாவுக்கும் ஒண்டு அனுப்பிப் போட்டன். பிள்ளை, உனக்குக் கார்ட் இல்லை. நாளைக்குப் பிளேனிலை ஏத்தி அனுப்பினாங்கள் எண்டால் உன்ரை கிணத்துப் படிப்பே வந்து மறிக்கும்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. கரண்டியில் இருந்து ஒரு துளி கையில் விட்டு நக்கிப் பார்த்தார். உப்புக் காணும் என்றார்.

மருமகன் இல்லாத வீட்டில் ஒரு வரியைச் சேர்த்தால் மருமகன் வந்துவிடுவார் என்று நம்ப எங்கள் ஆட்களால்தான் முடியும். நானும் அந்த வேலையைத்தானே செய்துவந்தேன்? வள்ளல் என்று எழுதி வள்ளலாக்கினேன். சித்தப்பா அந்தத் தொழிலை என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். இது எனக்கு அன்றே விளங்கியது, கோபம் குறையவில்லை.

ராஜி கீழே கடையில் ஒரு சவர பிளேட் வாங்கி வந்தாள். இருவரும் மாடிப்படியில் குந்தியிருந்து அந்த வரியை வெட்டினோம். ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாள் என்பதால் வேறு எதுவும் கெடவில்லை. முதலில் அளவு பார்த்து வெட்டினேன், பிறகு பார்க்காமலே கை போனது. "நான் நினைச்சன் உமக்குப் பாட்டு மட்டும்தான் வருமெண்டு" என்றாள் ராஜி. ஆட்கள் படியேறத் தொடங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒவ்வொரு கல்வெட்டிலும் என் பெயருக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு ஓட்டை.

வந்தவர்கள் சாப்பாட்டுக்கு இருந்து புரட்டினார்கள். உங்களோடு படித்தவர் என்று சொன்ன ஒரு கிழவர் ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டினார். "என்ன பிள்ளை, கொப்பருக்குக் காத்து வரட்டுமெண்டு யன்னல் விட்டனியோ?" நாலைந்து பேர் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. சாம்பார் வாளியோடு வரிசையின் நடுவில் நின்றுவிட்டார்.

பொபினிக்காரர் மண்ணிறக் கோட்டுப் போட்டு, உறவினர் வரிசையில் முதலாவதாக இருந்தார். தன் பெயர் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி, படியில் என்னை மறித்தார்.

"போடச் சொல்லி நான் கேட்டனானே? கேக்கேல்லை. ஆனா வெட்டினது நீர். சபைக்கு நடுவிலை."

"உங்களையும் ஆரும் கேக்கேல்லையெண்டால், உங்களுக்கும் கோவம் சித்தப்பாவிலை எல்லோ வரவேணும்?"

"கார்ட் இல்லாத ஆளுக்கு வாய் நீளம். பொலிசுக்கு ஒரு டெலிபோன் காணும் உமக்கு. தெரியுமே?"

நன்றாகத் தெரியும். அன்றிலிருந்து நான் லா சப்பல் நிலையத்தில் இறங்குவதில்லை. அடுத்த மெட்ரோ நிலையமான ஸ்டாலின்கிராட்டில் இறங்கி நடக்கிறேன். இதுதான் நீங்கள் பார்த்த நல்ல இடம், அப்பா. அவரைப் பற்றி நீங்கள் என்ன விசாரித்தீர்கள்? கார்ட் எத்தனை வருடத்துக்கு என்பதைத் தவிர?

அடுத்த கிழமை, என்னிடம் எழுதக் கேட்டு வைத்திருந்த இரண்டு கல்வெட்டுகள் கைவிட்டுப் போயின. "அந்தப் பெட்டையிட்டைக் குடுக்காதேங்கோ, செத்தவீட்டிலை பிளேட் எடுக்கிறவள்" என்று சித்தப்பா கடை கடையாகச் சொல்லியிருந்தார். எனக்குக் காசு தரவேண்டிய ஒருவர் தெருவின் மறுபக்கத்துக்கு மாறினார். பதிவு முடிய மூன்று நாள் இருந்தது. வாடகைக்கு வைத்திருந்ததை எடுத்தால் பதிவைக் கட்டலாம், அறையை விடவேண்டும். விட்டால் ராஜிக்கும் அறை இல்லை.

அப்போதுதான் ஒரு பெண் பல்வைத்தியர் வீட்டு வாசலில் எனக்காக நின்றாள். தையல் வேலை செய்பவள் போல, சேலைக் கரையில் நூல் ஒட்டியிருந்தது.

"ஓட்டை போட்ட பிள்ளை நீர்தானே?"

இதுவும் சண்டைக்கு வந்தது என்று நினைத்தேன். ஓம் என்றேன்.

"என்ரை அம்மா செத்துப் போட்டா. அண்ணை பழைய லிஸ்டைத் தந்திருக்கிறார். அதிலை மருமகன் எண்டு என்ரை புருசன்ரை பேர் கிடக்குது. அவன் என்னை விட்டிட்டுப் போய் மூண்டு வருசம்." அவள் தாளை நீட்டினாள். "நீர் எழுதும். வெட்டுற வேலை வேண்டாம், முதலே விட்டிடும். அம்மாவை வள்ளல் எண்டும் போட வேண்டாம். கடுங்கோவக்காரி. அதைப் போடும்."

அன்று இரவே எழுதினேன். நான் எழுதியவற்றில் முதல் உண்மையான கல்வெட்டு அது. உங்களுடையது இரண்டாவதாக வரும், ஏனென்றால் சவர்க்காரக் கதையை மறைத்தேன். அவள் தந்த காசோடு வாடகைக் காசில் கொஞ்சம் எடுத்து, மாத முடிவுக்கு முதல்நாள் பதிவைக் கட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் முத்திரை குத்தினாள், கார்ட்டைக் கேட்கவில்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை. வாடகை தை மாதம் வரைக்கும் காணும். பிறகு என்ன செய்வேன் என்று தெரியாது. அதற்குள் என்னைப் பிடிக்கவும் கூடும்.

நேற்று அம்மாவின் கடிதம் வந்தது. சித்தப்பா அனுப்பிய வெட்டாத பிரதி அவருக்குக் கிடைத்துவிட்டது. "மருமகனுக்கு உறைப்புப் பிடிக்குமோ? மிளகாய்த்தூள் இடித்து அனுப்பட்டோ?" என்று கேட்டிருக்கிறார். துக்க வீட்டில் அவருக்கு ஒரேயொரு சந்தோசம் அதுதான் போல. இதற்கு நான் எப்படிப் பதில் எழுதுவது, அப்பா? உங்களுக்கு எழுதாமல் விட்டது போல அவருக்கும் விட்டுவிடவா?

விடமாட்டேன். இந்தக் கடிதத்தை முடித்ததும் அம்மாவுக்கு எழுதப்போகிறேன். தூள் எனக்கு அனுப்புங்கள், உறைப்பு எனக்குப் பிடிக்கும் என்று எழுதுவேன். மற்றதையும் எழுதுவேன்.

உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். கிணறுகளைப் பற்றி நான் எழுதப்போவது முடிந்ததும், ஒரு பிரதியை நீங்கள் இருந்த தபால் கந்தோருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவேன். அதன் முதல் பக்கத்தில் நம் வளவுக் கிணறு இருக்கும், அதற்கு மோட்டர் பூட்டியவரின் பெயரும் இருக்கும். அந்தப் பக்கத்தில் வேறு எந்த ஆணின் பெயரும் இராது. யார் கையெழுத்திட்டு வாங்குவார்கள் என்று தெரியாது. நீங்கள் செய்தது போல, பிரிக்காமல் உரியவரிடம் சேர்க்கட்டும்.

ஓம் என்று எழுதாத,
உங்கள் ஒரே மகள்