பின் இருக்கையில் உன் அப்பா

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உன் அப்பாவும் நானும் சுகம், என் இடது மணிக்கட்டு மட்டும் மாவுக்கட்டுக்குள் இருந்துகொண்டு எங்களோடு சேராமல் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாள் தவறாமல் ஃபோனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஃபோனில் நான் எதைப் பேசினாலும் அப்பா காதில் விழுந்துவிடுகிறது. பார்வை குறையக் குறைய காது அப்படிக் கூர்மையாகிவிட்டது, சமையலறையில் நான் முணுமுணுத்தால் கூடத்திலிருந்து பதில் வருகிறது. கடிதம் என்றால் அவரால் படிக்க முடியாது. இதை எழுதும்போதே மனசு வலிக்கிறது, ஆனாலும் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த இரட்டை சைக்கிள் கதையை உனக்கு யாரும் முழுசாகச் சொல்லவில்லை. கண் போதவில்லை என்று டிப்போவில் அவரை வண்டி எடுக்க வேண்டாம் என்று சொன்ன பிறகு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிற பஸ்களின் சத்தத்தை வைத்தே எந்த வண்டிக்கு கியர் சரியில்லை, எந்த டிரைவர் புதுசு என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, அது உனக்குத் தெரியும். தெருமுனைப் பல் டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சைக்கிள் கூட்டம் நடத்துகிறார். நான் பல் பிடுங்கப் போன அன்று அவர்தான் பேச்சை எடுத்தார், இரண்டு பேர் சேர்ந்து ஓட்டுகிற சைக்கிள் ஒன்று சும்மா கிடக்கிறது, வருஷா வருஷம் அதற்கென்று தனிப் பந்தயமும் உண்டு, முன்னால் உட்காருகிறவருக்குக் கண் தெரிந்தால் போதும் என்றார். எனக்கு வாய் மரத்துப் போயிருந்தது, மறுத்துப் பேச முடியவில்லை. அப்படித்தான் முன்னால் நான், பின்னால் உன் அப்பா என்று ஆயிற்று. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டிய மனுஷன் பெண்டாட்டி முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தால் சும்மா இருப்பாரா, மணி அடி, ஓரம் கட்டு, வேகத்தைக் குறை என்று முதல் வாரம் முழுக்க ஒரே ரகளை. இப்படியே பேசினால் நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவேன் என்று சொன்ன பிறகுதான் அடங்கினார். ஆனால் மேடு வந்துவிட்டால் அவர் கால் அழுத்துகிற அழுத்தில் யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு போவது போல இருக்கும். ஒரு நாள் பல் டாக்டரையே மேட்டில் முந்திவிட்டோம். அன்றைக்கு அப்பா சோறு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், வெகு நாளைக்குப் பிறகு.

ஒரே ஒரு சிக்கல். நாங்கள் பழகுகிற ரோடு அவருடைய பழைய ரூட். லாரித் தொந்தரவு இல்லாத ரோடு அது ஒன்றுதான். ஒவ்வொரு பஸ் ஸ்டாப் நெருங்கும்போதும் அவர் கால் தானாக நின்றுவிடும். அந்த சைக்கிளில் இரண்டு பேர் பெடலும் ஒன்றாகத்தான் சுற்றும், அவர் நிறுத்தினால் என் காலும் நிற்க வேண்டியதுதான். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள், உன் அப்பாவுக்கு ஓடின கால் நிற்காமல் இருக்காது. ஆள் இறங்கியாச்சு, ரைட், போகலாம் என்று நான் குரல் கொடுப்பேன், அவரும் சிரித்துக்கொண்டே மிதிப்பார். சிரித்தது தப்பாகப் போயிற்று. தண்ணீர்த் தொட்டி இறக்கத்தில் நான் வலது பக்கம் திருப்புகிறேன், அங்கே இடது பக்கம் ஒரு ஸ்டாப், இவர் காலை நிறுத்தி உடம்பையும் இடது பக்கம் சாய்த்துவிட்டார், பஸ்ஸை ஒதுக்குகிற நினைப்பு. சைக்கிள் எங்கள் இரண்டு பேர் பேச்சையும் கேட்கவில்லை. அவருக்கு முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ரோட்டைக் கையால் தடவித் தேடினார் பார், கை ஒடிந்த வலி எனக்கு அப்போது தெரியவே இல்லை.

அன்று சாயங்காலம்தான் நீ ஃபோன் பண்ணினாய். பதறிப்போய் அவரிடம் என்ன கேட்டாய் என்று உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, "உங்களால அம்மாவுக்கு இன்னும் என்னல்லாம் ஆகணும்ப்பா, அந்த சைக்கிள மொதல்ல திருப்பிக் குடுங்க" என்றாய். அவர் சரிம்மா என்று மட்டும் சொன்னார். எனக்கு உன் மேல் கோபம் இல்லை, பயத்தில் வந்த வார்த்தை, உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் அன்றிலிருந்து அவர் அவராக இல்லை. ஹெல்மெட்டைப் பரணில் போடச் சொல்லிவிட்டார். தண்ணீர் குடிக்க எழுவதென்றால்கூட எழுந்திருக்கட்டுமா என்று கேட்கிறார். தானாகவே டீ போட்டுக் குடித்துக்கொண்டிருந்தவர் இப்போது அடுப்புப் பக்கமே போவதில்லை. சலவை ஆலையில் என்னைத் தலையணை உறை மடிக்கிற இடத்தில் போட்டிருக்கிறார்கள், ஒற்றைக் கையோடு அதுதான் முடியும், ஆனால் வேலையில் மனசு நிற்பதில்லை, வீட்டில் அந்த மனுஷன் சுவர் ஓரம் உட்கார்ந்திருப்பதே கண்ணுக்குள் நிற்கிறது.

நேற்று வேலை முடிந்து வந்தால் பின்கட்டில் செயின் ஓடுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். இன்னும் திருப்பிக் கொடுக்காமல் கிடந்த சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தார். முன்னால் என் இருக்கை காலி, என் பெடல்கள் ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. நான் வந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணு தெரியாதவனப் பின்னால வச்சுக்கிட்டு ஓட்ட உனக்கு பயமா இல்லையா என்று கேட்டார். பயம்தான், ஆனா நீங்க இல்லாம அந்த மேட்டுல ஏறணும்னா அதவிட பயம் என்றேன். இன்னும் நாலு சுற்று மிதித்தார். அப்புறம், "பாப்பா வேணாம்னு சொல்லிட்டாளே" என்றார். டிப்போ மேனேஜர் சொல்லியே கேட்காத மனுஷன், பாப்பா.

வெள்ளிக்கிழமை எனக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். அப்புறம் இரண்டு வாரம் மெதுவாக ஓட்டிப் பழகினால் பந்தயத்துக்குப் போகலாம் என்று எலும்பு டாக்டரே சொல்லிவிட்டார். ஸ்டாப் இல்லாத வேறு ரோடு பல் டாக்டர் தேடிக்கொண்டிருக்கிறார். மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். ஜெயிக்கப் போவதில்லை, எங்களைவிட வயசில் பாதி இருக்கிறவர்கள் எல்லாம் வருகிறார்கள். அவர் வாசல்படி தாண்ட வேண்டும், எனக்கு அது போதும். நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு பகலில் ஃபோன் பண்ணு, அவரே எடுப்பார். மன்னிப்பு எல்லாம் கேட்காதே, கூசிப்போய்விடுவார். பந்தயம் என்றைக்கு என்று கேள். ஒவ்வொரு தடவை ஃபோனை வைக்கும்போதும் அப்பாவைப் பார்த்துக்கோம்மா என்று என்னிடம் சொல்கிறாய். இந்த ஒரு தடவை, அம்மாவைப் பார்த்துக்கோங்கப்பா என்று அவரிடம் சொல். கண் போன பிறகு யாரும் அவரை நம்பி எதையும் ஒப்படைக்கவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. நான் கடிதம் போட்டதை மட்டும் அவரிடம் உளறிவிடாதே.

உன் அன்பு அம்மா