கை நுழையாத ஜாடிகள்

மார்ச் 3
பெட்டியில் வந்த லில்லிகளில் பாதி வாடல். சந்தையில் கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. மதியம் கண்ணாடி ஜாடிகளைக் கழுவ உட்கார்ந்தேன். அடியெல்லாம் வழுவழுப்பு, என் கை பாதியிலேயே சிக்கிக்கொள்கிறது. இது தங்கச்சி வேலை. அவளுக்குச் சின்னக் கை. கழுவுவதற்கு முன் வாட்சைக் கழற்றிக் குழாயில் மாட்டுவாள். "தண்ணி பட்டு நின்னு போகும்டி" என்று தினமும் கத்துவேன். அவள் கடையை விட்டுப் போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது.

மார்ச் 5
பின் அலமாரியை ஒழித்தேன். அவளுடைய நோட்டு கிடைத்தது. நம் பூவுக்கு நாமே பீங்கான் ஜாடி செய்யலாம் என்று இதைத்தான் அன்றைக்கு நீட்டினாள். வாங்க வந்தவர்கள் முன்னாலேயே சிரித்தேன். "பூ விக்கிறவ பூவைப் பாரு. மண்ணு பிசையற வேலை நமக்கெதுக்கு?" பெரிய மேதாவி நான்! அடுத்த வாரமே வேறு ஊரில் ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டாள். "உன் கடை, உன் பூ. நீயே வெச்சுக்கோ." அதற்குப் பிறகு என் ஃபோனை எடுப்பதில்லை.

மூன்றாம் பக்கத்தில் ஒரு ஜாடி. அகன்ற தோள், ஒடுங்கிய கழுத்து, நீல நிறம். நீளக் காம்பு ரோஜா இதில் சாயாமல் நிற்கும். அன்றைக்கு ஒரு நிமிடம் இதைப் பார்த்திருந்தால் என்ன குறைந்திருப்பேன்?

மார்ச் 12
மண் பட்டறையில் சேர்ந்துவிட்டேன். சொல்லித்தருகிறவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். வாய் மட்டும் பத்து வயது பெரியது. சூளைக்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன். "அக்கா, பூவைத் தடவற மாதிரி தடவினா மண்ணு எந்திரிக்காது. அமுக்குங்க!"

ஏப்ரல் 2
இன்றுதான் ஒன்று சரியாமல் நின்றது. யாரிடம் சொல்ல?

ஏப்ரல் 20
வாராவாரம் கிளினிக்குக்குப் பூ வாங்கும் பல் டாக்டர், மேசையில் விரித்திருந்த நோட்டைப் பார்த்தார். "இதே மாதிரி ஆறு செஞ்சு தர முடியுமா?" முடியும் என்று வாய் முந்திக்கொண்டது. வரைந்தது யார் என்று கேட்டார். "என் தங்கச்சி" என்றேன். 

மே 6
ஆறும் சக்கரத்திலிருந்து இறங்கிவிட்டன. வாய் அகலத்துக்கு என் கையையே விட்டுப் பார்த்துக்கொண்டேன். கை நுழைந்தால்தான் கழுவ முடியும், கழுவாத ஜாடியில் எந்த ரோஜாவும் மூன்று நாள் தாங்காது. பூக்காரிக்கு மட்டும் தெரிந்த சங்கதி. கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

சூளைக்காரி அளவைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று தங்கச்சி பிறந்தநாள். என் வாழ்த்தைப் பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

மே 24
சூளை திறந்தோம். அவள் கலர் பென்சிலில் தீட்டியிருந்த அதே நீலம்! ஒரு விரிசல்கூட இல்லை. கையை விட்டேன். விரல் முட்டியோடு நின்றுவிட்டது. ஆறிலும்.

"காயும்போதும் வேகும்போதும் மண்ணு சுருங்கும், எட்டுல ஒரு பங்கு சேர்த்து வைங்கன்னு அன்னைக்கே சொன்னேனே அக்கா. தலையாட்டினீங்களே!"

ஆட்டினேன்தான்.

மே 25
ஜாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்குள் போகக்கூடிய கை எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். ஆனால் ஜாடி கழுவவா அவள் வேண்டும் எனக்கு? எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் வாடிக்கையாளரிடம் குழைவதைப் பார்த்துக் கண்ணை உருட்ட வேண்டும். அவள் இல்லாமல் கடை கடையாகவே இல்லை. இதைச் சொல்ல இத்தனை நாளா பிடிக்கும் ஒருத்திக்கு?

போட்டோ எடுத்து அனுப்பினேன். "உன் மூணாவது பக்கம். கேக்காம செஞ்சுட்டேன். அன்னைக்குச் சிரிச்சது தப்பு. எனக்குக் கை நுழையல."

மே 26
இல்லை.

மே 27
இல்லை. பார்க்கவாவது பார்த்தாளா?

மே 29
வந்துவிட்டது! "பாட்டில் பிரஷ் வாங்கிக்கோ."

பதினேழு மாதத்துக்கு மூன்று வார்த்தை. நடுக்கடையில் நின்று அழுதேன். ரோஜா வாங்க வந்தவர் மிரண்டுபோய், "அப்புறமா வரேன்மா" என்று நழுவிவிட்டார். உடனே ஓடிப்போய் பிரஷ் வாங்கி, அதையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். "கழுத்து குட்டையா இருக்கு. நான் போட்டது அப்படி இல்ல" என்று பதில். சண்டைக்கு வருகிறாள். வரட்டும், வரட்டும்.

ஜூன் 1
டாக்டரிடம் உள்ளதைச் சொல்லித்தான் ஜாடிகளைக் கொடுத்தேன். "அதனால என்ன? திங்கட்கிழமை பூ மாத்தறப்ப நீங்களே கழுவிக் குடுத்துடுங்க" என்றார். சரி என்றேன். பிரஷ்தான் இருக்கிறதே.

ஜூன் 8
கிளினிக்கிலிருந்து வந்த ஆறு ஜாடிகளும் கழுவிக் கவிழ்த்து வெயிலில் காய்கின்றன. பிரஷ் கவர்கூடப் பிரிக்காமல் ஆணியில் கிடக்கிறது. நோட்டின் மூன்றாம் பக்கத்தில் நான் எழுதியிருந்த கழுத்து அளவை யாரோ சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் "கண்ணாடி போட்டுப் பாரு" என்று எழுதியிருக்கிறார்கள்.

குழாயில் ஒரு வாட்ச் தொங்குகிறது. அதன்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.