நீலத் தொட்டி நிற்கிறது என்று சொன்னவனுக்கு

தென்காசி,
ஜூலை 9.

குற்றாலீஸ்வரனுக்கு,

பாராட்டு விழாவில் உனக்குப் பொன்னாடை போர்த்த நான் மறுத்தது பொறாமையால் என்று உன் அம்மா சொல்லி வருகிறாள். அது தவறு. முழங்கால் வலியால் என்று விழா நடத்தும் வேல்சாமி சொல்லி வருகிறார். அதுவும் தவறு. முழங்கால் நன்றாகவே இருக்கிறது. போன வாரம் ஐந்தருவிக்குப் போய்ப் பெண்கள் வரிசையில் நின்று குளித்துவிட்டு வந்தேன். அந்த வரிசையில் எனக்குச் சற்று முன்னால் நின்ற உன் அம்மா காளீஸ்வரி, அக்கா நான் பின்னால் நிற்பது தெரியாமல், "எம் மவன் பேரு பேனர்ல வந்தா எங்க அக்காளுக்கு வயிறு எரியுதுட்டி" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். அருவிச் சத்தத்தையும் மீறி உன் அம்மாவின் குரல் கேட்கும் என்பது உனக்குத் தெரியும்.

"அன்புள்ள" என்று நான் தொடங்காதது மறதியால் அல்ல. கான்வென்டில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுத்தந்த சிஸ்டர், மனதில் இல்லாத சொல்லைக் காகிதத்தில் போட்டால் அடித்துவிடுவார். அவரிடம் படித்தவள் நான்.

இங்கே சாரல் விட்டுவிட்டுப் பெய்கிறது. சுந்தரபாண்டியபுரத்தில் உங்கள் வயலில் சூரியகாந்தி பூத்துவிட்டது. படம் பிடிக்க வருகிறவர்கள் ட்ரோனைப் பறக்கவிட்டுப் பூவை மிதிக்கிறார்கள் என்று உன் அம்மா சண்டை போடுகிறாள். அவள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. கவலைப்படாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் அனுசியா இருந்த அந்த மலை ஊரில் நிலநடுக்கம் வந்த அன்று சாயங்காலம், ஐதராபாத்தில் உன் அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டாய். "பெரியம்மா, நான் சாட்டிலைட் படத்துலயே பாத்துட்டேன். அனுசியா அக்கா வீடு அப்படியே நிக்கி. மொட்டமாடியில அந்த நீலத் தொட்டிகூட அசையாம இருக்கு. டவர் இல்லாமத்தான் போன் போகல. நீங்க சாப்பிட்டுட்டுப் படுங்க" என்றாய். நான் சாப்பிட்டேன். படுத்தேன்.

அதற்கு முன் பாண்டிராஜும் கூப்பிட்டிருந்தான். அவன் ராணுவ முகாமிலிருந்து அனுசியா ஊருக்கு அரை நாள் பாதை. "எம்மா, லீவு சொல்லிட்டேன், ஜீப் வாசல்ல நிக்கி, கெளம்பட்டுமா?" என்று கேட்டான். விசாரித்துச் சொல்கிறேன் என்று நிறுத்திவைத்திருந்தேன். நீ பேசி முடித்ததும் அவனைக் கூப்பிட்டு, ஈஸ்வரன் படத்தில் பார்த்துவிட்டான், வீட்டுக்கு ஒன்றும் இல்லை, நீ உன் வேலையைப் பார் என்றேன். ஜீப்பைத் திருப்பி அனுப்பினான்.

அனுசியா தரைத்தளத்தில் குடியிருந்தாள். எதிர் வீட்டுப் பெண் மறுநாள் மதியம் வரை அவள் குரல் கேட்டதாகப் பாண்டிராஜிடம் சொல்லியிருக்கிறாள். வீடு விழுந்த செய்தி கிடைத்து அவன் போய்ச் சேர்ந்தபோது நான்காம் நாள் ஆகிவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் உன்னை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். பாண்டிராஜ் அங்கே ட்ரோனில் எடுத்த ஒரு படத்தை எனக்குக் காட்டினான். பக்கவாட்டிலிருந்து எடுத்தது. தூண்கள் மடிந்து தரைத்தளம் நசுங்கியிருந்தது. மாடி வீட்டு பால்கனி தெருவோடு தெருவாக இருந்தது. மேலே தளம் கீறல் இல்லாமல், தொட்டியும் நின்றபடி இருந்தது. நேர் மேலே வானத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அந்த வீடு நல்ல வீடுதான். நீயும் பார்த்து ஏமாந்தாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அனுசியாவின் சாவுக்குத் துட்டி கேட்க நீ வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுதபோது உன் தலையில் கைகூட வைத்தேன்.

போன மாதம் வேல்சாமி விழாவுக்கு அழைக்க வந்தார். உன்னைப் புகழ்ந்து வாய் ஓயவில்லை. "ஆச்சி, நம்ம தம்பி ரெண்டு நாளு மேகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தானாம். ஊரே தெரியலையாம். மூணாம் நாள் காலையிலதான் மேகம் வெலகி மொதப் படம் கெடச்சிருக்கு. எங்கெங்க கட்டடம் விழுந்துச்சுன்னு செவப்புப் புள்ளி வச்சுக் குடுத்திருக்கான். அதப் பாத்துத்தான் மீட்புப் படையே போயிருக்கு" என்றார். நான் அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள்தான் முதல் படம் என்றால், முதல் நாள் சாயங்காலம் நீ பார்த்தது எந்தப் படம்?

மேகத்தை ஊடுருவும் ராடார் படமும் உண்டு என்று நீ பதில் சொல்லக்கூடும். அதையும் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் படத்தில் நிறம் இருக்காது. நீ நீலத் தொட்டி என்றாய்.

என் சந்தேகத்தை மறைக்காமல் சொல்கிறேன். நிலநடுக்கத்துக்கு முன் எடுத்த பழைய படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாய். அல்லது எதையுமே பார்க்காமல் சொன்னாய். நம் குடும்பத்தில் இது புதிதல்ல. உன் பெரியப்பா பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இறந்த அன்று, "அத்தானுக்குத் தெளிஞ்சிட்டு, கூட்டிட்டு வாறாங்க, கஞ்சி வச்சு வை" என்று உன் அம்மா என்னிடம் சொன்னாள். நான் கஞ்சி வைத்தேன். ஆம்புலன்ஸ் வந்தபோது அது அடுப்பில் சூடாக இருந்தது. இனி எனக்கு எதையும் மூடிச் சொல்லாதீர்கள் என்று அன்றே எல்லோர் முன்னாலும் சொன்னேன். நீயும் அங்கே நின்றாய். வயதானவளைத் தூங்க வைக்க ஒரு பொய் என்று அதை நீங்கள் இரக்கக் கணக்கில் வைக்கிறீர்கள். அந்தப் பொய்யை நம்பி ஒருவர் ஜீப்பைத் திருப்பி அனுப்பலாம் என்பது உங்களுக்குத் தோன்றுவதே இல்லை.

உன் சிவப்புப் புள்ளிகளால் உயிரோடு வெளியே வந்தவர்கள் இருக்கிறார்கள். அதை நான் குறைத்துப் பேசவில்லை. அதற்கு ஊர் உனக்கு என்ன மரியாதை வேண்டுமானாலும் செய்யட்டும். அன்று எடுத்த படத்தை உண்மையாகவே பார்த்துத்தான் சொன்னாய் என்றால், அது எப்படிக் கிடைத்தது என்று எழுது. நான் மேடையேறி நானே போர்த்துவேன். உன் அம்மாவிடம் மன்னிப்பும் கேட்பேன். இல்லையென்றால் வர மாட்டேன். ஏன் வரவில்லை என்று பாண்டிராஜ் உட்பட யாரிடமும் சொல்லவும் மாட்டேன். அவனுக்கு இது தெரிய வேண்டாம். இருக்கிறதைச் சுமக்கவே அவன் சிரமப்படுகிறான்.

போனில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். அழுதுகொண்டு நேரில் வராதே. அம்மா வழியாகச் சொல்லியும் அனுப்பாதே. உனக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அவள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

அன்று சாயங்காலம் நீ பார்த்தது எந்தப் படம் என்று உன் கையால் எழுதித் தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் பெரியம்மா,
முப்பிடாதியம்மாள்